இரண்டு கிலோ கட்டியும் ஒரு பால்குடமும்

மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் தேடியது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரையல்ல, என் வயிற்றை. கையை மெல்ல நகர்த்திப் போர்வைக்கு மேல் வைத்தேன். பத்தொன்பது வருடமாகக் கை வைத்ததும் தட்டுப்பட்ட அந்த மேடு அங்கே இல்லை. உள்ளங்கை தடங்கலில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு பக்கம் வலி உயிரை வாங்கியது, இன்னொரு பக்கம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்பதை அடுத்த நொடியே தெரிந்துகொண்டேன்.

“என்னா சிரிக்கிற?” என்றார் கணவர், பயந்துபோய். மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

“போயிருச்சுங்க” என்றேன்.

போனது என் தொங்கு வயிறு. இரட்டைப் பெண்களைச் சுமந்ததில் வயிற்றுத் தசை நடுவில் விலகி, பிறகு சேரவே இல்லை. நடையாய் நடந்து, சோற்றைக் குறைத்து நன்றாகவே இளைத்தேன். கன்னம் இளைத்தது, கை இளைத்தது, இளைக்க வேண்டாத இடமெல்லாம் இளைத்தது. வயிறு மட்டும் பிடிவாதமாக நின்றது. தோல் தனியாக மடிந்து, பிழியாமல் கொடியில் போட்ட ஈரத் துண்டு மாதிரித் தொங்கியது. சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். “உக்காருங்கக்கா, எத்தன மாசம்?” என்று ஒருத்தி கேட்டபோது, “பத்தொம்பது வருஷம்” என்றேன். எனக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். தம்பின் டவுன் பாசாரில் ஊறுகாய் விற்கும் மலாய்க்கார அம்மா ஒருவர், பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று சொல்லி ஒரு பை உப்பு மாங்காயைச் சும்மாவே கொடுத்தார். மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டு, வீடு வரும் வரை கோபத்தில் அதைத் தின்றுகொண்டே வந்தேன்.

மகள்கள் இருவரும் பினாங்கில் படிக்கிறார்கள். இப்படி ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது என்று போனில் காட்டியது அவர்கள்தான். வெட்டி, தசையைச் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலை எடுத்துவிட்டு, தொப்புளைக்கூடப் புதிதாக உட்கார வைப்பார்களாம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. நாற்பத்தாறு வயதில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விஷயம் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தோட்டம் தம்பின் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. அங்கே ஒருத்தி வாந்தியெடுத்தால் இன்னொருத்தி பெயர் தேட ஆரம்பித்துவிடுவாள். அழகுக்காக வயிற்றை அறுத்துக்கொண்டு வந்தவள் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் நான் செத்த பிறகும் அந்தப் பெயர் அங்கே உயிரோடு இருக்கும்.

ஊரைக்கூடச் சமாளித்துவிடுவேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் பக்கத்து வீடு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். முன்பு ரப்பர் பால் வெட்டினார். ரப்பர் மரமெல்லாம் போன பிறகு செம்பனைக் கன்று வளர்க்கும் இடத்தில் பையில் மண் நிரப்புகிறார். கணவர் இறந்து பத்து வருடமாகிறது. எனக்குப் பிரசவமானபோது அம்மா வர முடியவில்லை. அக்காதான் மூன்று மாதம் எனக்கு வெந்நீர் ஊற்றினார், பத்தியம் சமைத்தார், பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் இறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டு பலிக்கவில்லை, அது அவர் குற்றமில்லை.

ஆனால் அக்காவுக்கு இந்த அழகு விவகாரமெல்லாம் ஆகாது. முடிக்குச் சாயம் பூசினால் ஒரு பார்வை பார்ப்பார். நான் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை இழுத்துப் பிடிப்பதைப் பார்த்து ஒரு நாள், “பொம்பளைக்கு வயசானா வயிறு வரும்தான். அதுக்கு என்னா இப்ப?” என்றார். அதோடு அவரிடம் இந்தப் பேச்சை நான் நிறுத்திவிட்டேன்.

அதனால் அறுவைக்கு ஒரு வாரம் முன்பு அவரிடம் போய், “வயித்துல சின்னக் கட்டி இருக்குக்கா. செரம்பான்ல எடுக்கப்போறாங்க” என்று பொய் சொன்னேன். எவ்வளவு சின்னது என்று கேட்டார். ரப்பர் கொட்டை, அந்தக் கண்டுமுத்து அளவு என்று விரலைக் காட்டினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். புது வயிறு வரப்போகிற குஷியில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

மீதியைக் கெடுத்தது என் கணவர். செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நான் மருத்துவமனையில் இருந்த மூன்று நாளும் வேலை முடிந்து வரும்போது தோட்ட ஆபீஸ் வாசலில் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷனுக்குப் பொய் வராது. டாக்டர் சொன்ன எடையை அப்படியே சொல்லிவிட்டார்.

“ரெண்டு கிலோ.”

இரண்டு கிலோ தோலும் கொழுப்பும் தோட்டத்தில் இரண்டு கிலோ கட்டியாகிவிட்டது. நான் வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கட்டிக்கு வேறு பெயரும் வந்துவிட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்க்க வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருக்கணும் லா, இப்பல்லாம் நல்ல மருந்து வந்திருச்சி” என்றார்கள். நான் தலையாட்டினேன். நான் பட்ட பாடு தையல் வலியில்லை, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டதுதான். உள்ளே எனக்கு ஒரே கொண்டாட்டம். போர்வைக்குள் கை வைத்து வயிறு இன்னும் தட்டையாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, வெளியே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

வலி இல்லை என்று சொல்லவில்லை. இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தையல். இரண்டு குழாய்கள் அடிவயிற்றிலிருந்து வெளியே வந்து, நுனியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குமிழோடு தொங்கின. அதில் வடிகிற ரத்த நீரைக் கணவர் காலையும் மாலையும் அளந்து காலண்டரில் எழுதுவார். அதன் மேல் இறுக்கமான வயிற்றுக் கச்சை. நிமிரக் கூடாது, தையல் விட்டுவிடும். அதனால் தொலைந்த காசைத் தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டே நடந்தேன். படுக்க முடியாது, சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சாமியைக் கூப்பிடுவேன்.

அறுவைக் காயம் ஆற ஹாருவான் என்கிற விரால் மீன் சூப் குடிக்க வேண்டும் என்பது இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் பொதுவான சட்டம். முட்டை கூடாது, கோழி கூடாது, கத்தரிக்காயை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. ஹாருவான் மட்டும் மூன்று வேளையும் குடிக்கலாம். வீடு வந்த அன்று மாலையே அக்கா வந்தார். கையில் ஒரு வாளி, வாளிக்குள் துள்ளுகிற மீன். வழக்கமாக என் அடுப்பங்கரைக்குள் நேராக வந்து சட்டியை எடுப்பவர், அன்று வாசலிலேயே நின்றுவிட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றார்.

“தம்பி, நீங்கதான் அறுக்கணும். நான் சொல்றேன், செய்ங்க. மொதல்ல தலையில ஒரு போடு போடுங்க.”

என் கணவர் ஐம்பது வயது வரை ஒரு வெங்காயம் அரிந்தவரில்லை. வாசல் குழாயடியில் மீன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் வழுக்கி விழ, அக்கா தூர நின்று கட்டளை போட, நான் உள்ளே தலையணையை அமுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். இரண்டு நாளைக்கு ஒரு மீன் வந்தது. ஒரு தடவைகூட அவர் அதைத் தொடவில்லை. இஞ்சியும் மிளகும் தட்டிக் கொடுப்பார், சூப்பின் பக்கம் வரமாட்டார். எனக்குப் புரியவில்லை. என் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்துக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பத்தாவது நாள் அந்தக் குழாய்களை எடுத்தார்கள். அன்று மாலை அக்கா திருநீறும் குங்குமமும் கொண்டுவந்து என் நெற்றியில் இட்டார். நான் குனிந்தே நடந்து நாற்காலிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பயப்படாத. கோயில்ல அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ எந்திரிச்சி நேரா நடந்தா, திருவிழாவுல நம்ம ரெண்டு பேரும் பால்குடம் எடுக்கிறோம்னு நேந்துகிட்டேன்.”

“ரெண்டு பேருமா?”

“பின்ன? உனக்குத்தான வேண்டுதல். நீ வெரதம் இருக்க முடியாது, மீன் சாப்பிடணும். அதான் உனக்கும் சேத்து நான் இருக்கிறேன். நீ ஆஸ்பித்திரிக்குப் போன அன்னைக்கே ஆரம்பிச்சிட்டேன்.”

அப்போதுதான் அக்கா எதற்கு வாளியை விட்டு நான்கடி தள்ளி நின்றார் என்று விளங்கியது. திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அக்கா மீன், கறி தொடமாட்டார். காலில் செருப்புப் போடமாட்டார். எல்லாம் என் கண்டுமுத்து அளவு பொய்க்காக. கருவாடு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனுஷி அவர்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்கடுத்த வாரம் எனக்குத் தலைகால் புரியாத வாரம். தினமும் ஒரு விரல் அளவு நிமிர்ந்துகொண்டே வந்தேன். கணவர் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, பிள்ளைகளுக்குப் பார்ப்பது மாதிரி உயரம் பார்த்தார். பதினேழாவது நாள் காலை குளியலறையில் நின்று, மூச்சை இழுத்து, மெல்ல மெல்லத் தோளை உயர்த்தினேன். முழுதாக நிமிர்ந்துவிட்டேன். கீழே பார்த்தேன். என் கால் விரல்கள் பத்தும் தெரிந்தன. நடுவில் எதுவும் மறைக்கவில்லை. அங்கேயே நின்று அவற்றை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

நல்ல நேரம் பார்த்துக் கச்சையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்றேன். வீங்கி, மஞ்சளும் ஊதாவுமாக நிறம் மாறி, நடுவில் ஒரு புதுத் தொப்புள் சிவந்து முழித்துக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காத வயிறுதான். எனக்கு அதைப்போல அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. மகள்களுக்கு வீடியோவில் காட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் அழுது ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சின்னவள், மூத்தவளைவிட ஆறு நிமிடம் இளையவள், “ம்மா, அடுத்த வருஷம் மூணு பேரும் ஒரே மாதிரி டிரஸ்” என்றாள். எனக்கும் ஆசைதான். பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணப் புடவை ரவிக்கையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். தொழிற்சாலை யூனிபார்மை இரண்டு அளவு குறைத்துத் தைக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். மூன்றாவது வாரத்தில் வாசல் வரை, நான்காவது வாரத்தில் கோயில் முனை வரை நடந்தேன். காற்று என் மேல் வேறு மாதிரி படுவதாகத் தோன்றியது.

அப்படி நடந்த ஒரு காலையில்தான் அக்கா எதிரே வந்தார். கன்றுப் பைகள் அடுக்கியிருக்கும் இடம் முழுக்கச் சரளைக்கல். மற்றவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். அக்கா மட்டும் வெறுங்காலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தார். குதிகாலில் துணி கட்டியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

“என்னாக்கா இது?”

“ஒண்ணும் இல்ல, கல்லு குத்திருச்சி. நீ நேரா நடக்கிறியே, அது போதும்” என்று சொல்லிவிட்டு, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துச் சிரித்தார். மெலிந்துபோயிருந்தார். என் வயிறு தட்டையானதில் இருந்த குஷி அந்த நிமிடமே அடங்கிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சண்டை போட்டேன். உங்களால்தான், நீங்கள் இரண்டு கிலோ என்று சொன்னதால்தான் என்றேன்.  அவர் மெதுவாக, “சொல்லிரு” என்றார். சொன்னால் அக்கா போய்விடுவார் என்றேன். எனக்கு இந்தத் தோட்டத்தில் கூடப் பிறந்தவர் மாதிரி இருப்பது அவர் ஒருவர்தான். அம்மனை வைத்து ஏமாற்றினாய், என் விரதத்தை விளையாட்டாக்கினாய் என்று கதவைச் சாத்திவிட்டால் நான் என்ன செய்வேன்? “சொல்லலேன்னா பொய்ய தலையில வச்சிக்கிட்டுத்தான் நடக்கணும்” என்றார் அவர். லோரி ஓட்டுகிறவருக்கு அன்று மட்டும் எங்கிருந்து அவ்வளவு தெளிவு வந்ததோ. எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். நடுவில் டாக்டரிடம் போனேன். சீனப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். தலையில் பால் பானை வைத்து நடக்கலாமா என்று கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எவ்வளவு பால், எவ்வளவு தூரம், பானை பித்தளையா எவர்சில்வரா, கீழேயிருந்து யார் தூக்கி வைப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான் எழுந்து நின்று நடந்தே காட்டினேன். இரண்டு லிட்டருக்கு மேல் கூடாது, தூக்கி வைப்பது வேறு ஆளாக இருக்க வேண்டும், கச்சையைக் கழற்றவே கூடாது என்று அனுமதி கொடுத்துவிட்டு, படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அவருக்கே குஷி. இனி உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா இரண்டு மஞ்சள் புடவைகளோடு வந்தார். கோலா பிலா வரை பஸ்ஸில் போய் வாங்கியிருக்கிறார். வெறுங்காலில். ஒன்றை என் மடியில் வைத்து, “கரை எப்படி? உனக்கு எடுப்பா இருக்கும்” என்றார். அந்தப் புடவையைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

 நான் முடித்ததும் அக்கா கேட்டார்.

“அப்ப கேன்சர் இல்லியா?”

“இல்லக்கா.”

“கட்டியே இல்லியா?”

“தோலும் கொழுப்பும்தான்க்கா. தொங்கிச்சே, அதான். எடுத்துட்டேன்.”

“ஒனக்கு ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணும் இல்ல.”

“நல்லது” என்றார். அந்தச் சொல்லை அவர் உண்மையாகவே சொன்னார், அது எனக்குத் தெரிந்தது. பிறகு என் மடியிலிருந்த புடவையை எடுத்து, பிரித்த மடிப்பைத் திரும்ப அதே மாதிரி மடித்து, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அந்த ஒரு வாரம் எனக்கு நரகம். வாளி வரவில்லை. வேலிப் பக்கம் நின்று கூப்பிட்டால் பதிலில்லை. தினமும் காலையில் என் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார், தலையைத் திருப்பவில்லை. ஆனால் காலைப் பார்த்தேன். இன்னும் செருப்பில்லை. நோயே இல்லை என்று தெரிந்த பிறகு எதற்காக இந்த மனுஷி கல்லில் நடக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மாலையே எனக்குத் தெரிந்திருக்கும். என் புதுத் தொப்புளைப் பார்த்து, உனக்காகத்தானே இவ்வளவும் என்று திட்டினேன். கணவர் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு லோரிக்குப் போவார்.

திருவிழா அன்று விடியற்காலை குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பால் இல்லாமல், குடம் இல்லாமல், சும்மா போய் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். கதவு திறந்தது. அக்கா மஞ்சள் புடவையில் நின்றார். கையில் இன்னொரு மஞ்சள் புடவை.

“குளிச்சிட்டியா?”

“குளிச்சிட்டேன்க்கா.”

“வா, கட்டி விடுறேன்.”

அறைக்குள் வந்து கதவைத் தாழ் போட்டார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “கோவம் போச்சாக்கா?”

“போகல. அம்மாகிட்ட நீ எந்திரிச்சி நேரா நடக்கணும்னு கேட்டேன். நடக்கிற. நீ எதுக்காகப் படுத்தேன்னு நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன், அது எங்களுக்குள்ள. கோவம் வேற.” புடவையைக் கட்டிலில் போட்டார். “காட்டு.”

“என்னாத்த?”

“எதுக்காக என்னைய வெறுங்கால்ல நடக்க வச்சியோ, அத.”

கச்சையின் கொக்கிகளை அவிழ்த்தேன். வீக்கமெல்லாம் வற்றி, நிறம் தெளிந்திருந்தது. அடியில் தழும்பு மட்டும் இடுப்புக்கு இடுப்பு சிவப்புக் கோடாக ஓடியது. அக்கா குனிந்து பார்த்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நான் தயாராக நின்றேன். அவர் ஒரு விரலை நீட்டி, மண் அள்ளி அள்ளித் தடித்துப்போன அந்த விரலால், தொப்புளுக்குக் கீழே மெதுவாகத் தொட்டார்.

“தொடுறது தெரியுதா?”

“தெரியலக்கா. மரத்துப்போயிருக்கு. வரும்னாங்க.”

“மடிப்பே இல்லியேடி” என்றார். “கொமரிப் பொண்ணு வயிறு மாதிரி இருக்கு.”

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வெளியே கோயில் பக்கம் உறுமி மேளம் சுதி பார்க்கிற சத்தம் வந்தது.

“கறிவேப்பிலைக்கு எங்கிட்ட வருவ. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா எங்கிட்ட வருவ. இதுக்கு மட்டும் ஏன் வரல?”

“திட்டுவீங்கன்னு நெனச்சேன்க்கா.”

“திட்டியிருப்பேன்தான்.” தழும்பைப் பார்த்தார். “திட்டிட்டு, எப்படி செய்றாங்க, வலிக்குமான்னு கேட்டிருப்பேன். எனக்கும் மூணு பிள்ள பொறந்திச்சி. எனக்கு அந்த ஆசையெல்லாம் இருக்காதுன்னு நீயாவே முடிவு பண்ணிட்ட.”

  அவரே எழுந்து கச்சையைப் போட்டு, கொக்கி கொக்கியாக மாட்டி, புடவையைச் சுற்றிக் கொசுவம் மடித்துச் செருகினார். செருகும்போது கை தழும்பில் படாமல் பார்த்துக்கொண்டார்.

ஓடைக்கரைப் பிள்ளையாரிடமிருந்து பால்குடம் கிளம்பியது. டாக்டர் சொன்னபடி என் குடத்தை என் கணவர்தான் தூக்கித் தலையில் வைத்தார். செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் செம்பனை, முன்னால் உறுமி, வேப்பிலை வாசனை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த பெண்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தலை நிமிர்ந்து, நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். பத்தொன்பது வருடத்தில் நான் இப்படி நடந்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதை மறைக்க மாட்டேன்.

அக்கா எனக்கு ஓர் அடி முன்னால், இடது பக்கம் நடந்தார். இருபது வருடத்துக்கு மேலாக அவரோடு நடந்திருக்கிறேன், பாசாருக்கு, கோயிலுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. அன்றுதான் அவரைப் பார்த்தேன். ஒரு கை தலைக்கு மேல் குடத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கை முந்தானையை இழுத்து வயிற்றை மூடியது. நாலு எட்டு வைத்ததும் முந்தானை விலகியது. மறுபடி இழுத்து மூடினார். கோயில் வாசல் வருகிற வரைக்கும் அந்தக் கை ஓயவே இல்லை.